பசுக்களைத் துரத்திய நாயும் சலித்துப்போன பிரபுவும்

சென்னையில் ஒரு வாடகை நூலகத்தின் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு, எந்தப் புத்தகம் உண்மையிலேயே படிக்கப்படுகிறது என்பது அதன் முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பரிசு வாங்கிய நாவல்கள் பல, மெருகு குலையாமல் திரும்பி வரும். பழைய காலத்து இங்கிலாந்தில் காதலையும் சிரிப்பையும் கலந்து நாவல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹெயரின் புத்தகங்கள் மட்டும் முதுகில் பழுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் இன்னொரு டேப்பும் ஒட்டி நிற்கும். பக்க ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிகள் வேறு: ஒரு நட்சத்திரம், ஒரு பிள்ளையார் சுழி, யாரோ ஒருவரின் முதலெழுத்து. 'இது படித்த புத்தகம்' என்று வாசகர்கள் தங்களுக்காகப் போட்டுக்கொள்ளும் அடையாளம். வேறு நாவலில் தங்கள் குறியைப் பார்த்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஹெயரில் பார்த்தால், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு குறியைப் போட்டு எடுத்துப்போவார்கள்.

வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு மாமிக்குத் தலைப்பெல்லாம் நினைவில் நிற்காது. "தம்பி, அந்த நாய் வர்ற கதை இருக்கா?" என்பார்.

"போன மாசம்தானே மாமி எடுத்தீங்க?"

"அதனால என்னப்பா? நாய் மறுபடியும் ஓடாதா?"

அவர் கேட்பது 1965இல் வந்த 'ஃப்ரெடரிகா'. ஆல்வர்ஸ்டோக் என்று ஒரு பிரபு. பணம், அந்தஸ்து எல்லாம் இருக்கிறது, எதிலும் ருசி இல்லை. தூரத்து உறவுப் பெண் ஃப்ரெடரிகா, தம்பி தங்கைகளோடு லண்டனுக்கு வந்து, அழகான தங்கையை நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க அவரிடம் உதவி கேட்கிறாள். அன்றைய லண்டன் கிரீன் பார்க்கில் பசு கட்டிப் பால் கறந்து விற்பார்கள். ஃப்ரெடரிகா கூட்டிப்போன நாட்டு நாய் அந்தப் பசுக்களை விரட்டிவிடுகிறது. பூங்காக் காவலர்களும் மாட்டுக்காரரும் பால்காரிகளும் சூழ்ந்துகொள்ள, வேறு வழி தெரியாமல் நாய் பிரபுவினுடையது என்று சொல்லிவிடுகிறாள். மொத்தக் கூட்டமும் பிரபுவின் வீட்டு வாசலில் போய் நிற்கிறது. அது சாதாரண நாய் இல்லை, அபூர்வமான பலுசிஸ்தான் வேட்டைநாய் என்று அங்கே ஒரு கதை கூசாமல் கட்டப்படுகிறது. எதற்கும் அசையாத மனுஷன் அந்தப் பொய்க்குத் துணை போகிற இடம் இருக்கிறதே, அங்கேதான் காதல் ஆரம்பிக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சிரிப்பு வருகிறது, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அடக்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். கட்டிப்பிடிப்பது, உருகுவது எதுவும் கிடையாது.

இந்த ரகக் கதைகளின் பிடி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். நகைச்சுவை அதில் தாளித்துக் கொட்டியது அல்ல. இவளுக்கு இவன்தான் என்று வாசகருக்குத் தெரிவதே அந்தச் சிரிப்பால்தான்.

இதற்குச் சரித்திரம் எதற்கு என்றால், கட்டுப்பாடு வேண்டும். ஹெயர் பெரும்பாலும் எடுத்துக்கொண்ட காலம், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் புத்தி பேதலித்ததால் மகன் அவருக்குப் பதிலாக ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான வருடங்கள். ஆல்மாக்ஸ் நடன மன்றத்துக்குள் நுழைய, அதை நடத்திய சீமாட்டிகள் மனது வைத்துச் சீட்டுத் தர வேண்டும். 1753இல் வந்த திருமணச் சட்டத்தால், 21 வயது நிரம்பாதவர்கள் அப்பா சம்மதம் இல்லாமல் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அதனால் வண்டி கட்டிக்கொண்டு, அந்தச் சட்டம் செல்லாத ஸ்காட்லாந்து எல்லைக்குள் இருக்கும் கிரெட்னா கிரீனுக்கு ஓடுவார்கள். இவ்வளவு விதி இருக்கிற இடத்தில் ஒரு நாய் அவிழ்த்துக்கொண்டு ஓடினாலே அமர்க்களம். எதைச் செய்தாலும் யாரும் கேட்காத இடத்தில் அது வெறும் நாய்.

எனக்குப் பிடித்தது 1953இல் வந்த 'கொட்டிலியன்'. அதன் நாயகன் ஃப்ரெடி வீரனும் இல்லை, அறிவாளியும் இல்லை. எந்தச் சட்டைக்கு எந்தக் கோட்டு என்பதில் மட்டும் புலி. எல்ஜின் பிரபு கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்த சிற்பங்களைக் காட்ட நாயகியைக் கூட்டிப்போய், 'தலையே இல்லையே!' என்று ஏமாற்றப்பட்டவன் போலத் திகைக்கிறான். பக்கத்திலேயே ஜாக் என்று ஒரு ஆணழகன், வழக்கமான கதைகளில் ஹீரோவாக வேண்டியவன், அலட்டிக்கொண்டு திரிகிறான். மற்றவர்கள் காதலில் தலைகால் தெரியாமல் ஓடும்போது, நடக்க வேண்டிய காரியத்தைக் கவனிப்பவன் ஃப்ரெடி. ஜாக் வரம்பு மீறிப் பேசும்போது அவனை ஒரே குத்தில் தரையில் சாய்ப்பவனும் அவனே. கவுன்டரிலேயே சிரித்துவிட்டேன், எதிரே நின்றவர் பாக்கிச் சில்லறையை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

நமக்கு இது புதுசும் இல்லை. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த பொன்னியின் செல்வனில், அரிசிலாற்றங்கரையில் பெண்களைக் காப்பாற்றுவதாக நினைத்து வந்தியத்தேவன் முதலை மேல் வேலை எறிகிறான். அது செத்து, பஞ்சு அடைத்து, மரத்தில் கட்டிய முதலை. குந்தவை முன்னால் அவன் அசடு வழிவதை விட்டுவிட்டு அந்தக் காதலை நினைத்துப் பார்க்க முடியுமா? மாமி மாதிரி ஆட்கள் கல்கியில் பழகிய நாக்கோடுதான் ஹெயருக்கு வந்தார்கள்.

2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் அதே காலத்து லண்டனில் நடக்கும் 'பிரிட்ஜர்டன்' காதல் தொடர் வந்தபிறகு இளைஞர்களும் இந்த அலமாரிப் பக்கம் ஒதுங்கினார்கள். பாதிப் பேர் இரண்டே நாளில் திருப்பினார்கள். ஐடி கம்பெனிப் பெண் ஒருத்தி, "அண்ணா, முத்தமே கடைசியிலதான் வருது" என்று குறைபட்டாள். நியாயமான குறைதான். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய குறைகள் இருக்கின்றன. 1950இல் வந்த 'தி கிராண்ட் சோஃபி'யில் யூத வட்டிக்காரர் ஒருவரை வரைந்திருக்கும் விதம் அருவருப்பானது. வேகமாகப் புரட்டிக் கடக்கத்தான் தோன்றும். 1819இல் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மேல் குதிரைப்படையை ஏவினார்கள். அந்தச் சத்தம் இந்த நாவல்களின் நடனக் கூடங்களில் கேட்பதில்லை. சீமாட்டிகள் போர்த்தும் காஷ்மீர் சால்வையும் உடுத்தும் மஸ்லினும் நம் பக்கத்துச் சரக்கு. வந்த வழியைப் பற்றி ஒரு வரி இருக்காது.

தெரிந்தேதான் சிபாரிசு செய்கிறேன். ஹெயரின் முதல் நாவலே, உடம்பு சரியில்லாத தம்பியின் பொழுது போவதற்காகப் பதினேழு வயதில் சொல்ல ஆரம்பித்த கதை, 1921இல் அச்சானது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கப் போகிறவர்கள் 'ஏதாவது லேசா கொடுங்க' என்று கேட்டு வரும்போது நான் முதலில் எடுப்பது இவற்றில் ஒன்றைத்தான். அந்த ஐடி பெண்ணுக்குக் 'கொட்டிலியன்' கொடுத்தேன். அவள் இன்னும் திருப்பவில்லை, லேட் ஃபீஸ் ஏறிக்கொண்டிருக்கிறது.