இரண்டாவது ரத்தப் பரிசோதனைதான் சொன்னது

எங்கள் பக்கம் நெஞ்சைக் கரித்தால் வாயு என்று சொல்லி, ஓமத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் சித்தப்பாவும் அப்படித்தான் படுக்கப் பார்த்தார். ஆனால் உடம்பெல்லாம் வியர்த்து, வலி தாடை வரை ஏறியதும் சித்தி விடவில்லை. 108-ஐக் கூப்பிட்டு, எனக்கும் தகவல் சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ஈசிஜியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிராபோனின் ரத்தப் பரிசோதனையும் நார்மல். சித்தப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "சரிடே, வீட்டுக்குப் போவோம், வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும்" என்று எழுந்தே விட்டார். டியூட்டி டாக்டர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "அண்ணாச்சி, வலி வந்து ரெண்டு மணி நேரம்கூட ஆகலை. இன்னொரு தடவை ரத்தம் பார்க்காம அனுப்ப மாட்டேன்."

அந்தப் பிடிவாதத்துக்கு நான் என்றைக்கும் நன்றியோடு இருப்பேன். ரத்தம் கிடைக்காமல் இதயத் தசை சாகும்போது, அதற்குள் இருக்கும் டிராபோனின் என்ற புரதமும் சிகே-எம்பி என்ற என்சைமும் ரத்தத்தில் கசிகின்றன. பரிசோதனையில் பிடிபடும் அளவுக்கு அவை ஏறச் சில மணி நேரம் ஆகும். அதனால் சீக்கிரம் வந்தவருக்கு முதல் முடிவு நார்மலாக இருக்கலாம். சிகே-எம்பி இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும், டிராபோனின் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். ஈசிஜியிலேயே பெரிய அட்டாக் தெளிவாகத் தெரிந்தால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்களாம்.

சித்தப்பாவுக்கு இரண்டாவது முடிவில் டிராபோனின் ஏறியிருந்தது. மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் ஒரு குழாயில் அடைப்பு, அதைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய்.

அப்புறம் சித்தி ஒரு கேள்வி கேட்டார். "என்சைம் இறங்கிட்டுன்னா கொழுப்பும் கரைஞ்சிட்டுன்னுதான அர்த்தம்?" வார்டில் பலருக்கும் இதே எண்ணம்தான். இல்லை என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்த ரத்தப் பரிசோதனை தசைக்கு நேர்ந்த சேதத்தை மட்டும்தான் காட்டும். கொழுப்புப் படிவு பல வருஷமாக வளர்வது. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் ரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைகிறது. அதை விழுங்கும் வெள்ளை அணுக்கள் உப்பி அங்கேயே தங்கிவிடுகின்றன. மேலே மெல்லிய மூடி ஒன்று உருவாகிறது. அந்த மூடி கிழிந்தால் அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. குழாயைப் பாதிகூட அடைக்காத படிவும் இப்படிக் கிழியலாம். நேற்று வரை வயலில் மண்வெட்டி பிடித்தவர் இன்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது இதனால்தான். ஸ்டென்ட் ஒரு இடத்தை மட்டுமே திறக்கிறது, மற்ற இடங்களுக்கு ஸ்டாட்டின் மாத்திரைதான் காவல். எல்டிஎல்லைக் குறைப்பதோடு அந்த மூடியையும் அது உறுதிப்படுத்துகிறது.

சித்தப்பா பீடியை விட்டுவிட்டார். எல்டிஎல் 70-க்குக் கீழே வந்திருக்கிறது. "அதான் குறைஞ்சிட்டே, மாத்திரை எதுக்கு?" என்று இப்போது கேட்கிறார். மாத்திரை சாப்பிடுவதால்தான் குறைந்திருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளலாம். அதனால் அந்தப் பொறுப்பைச் சித்தி தன் கையில் வைத்திருக்கிறார்.