அப்பாயியின் பஞ்ச் பெட்டி

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் போத்தலுக்குள் இருக்கும் உப்பு கசிந்து தண்ணீராகும், நெருப்புக் குச்சியை உரசினால் மருந்து மட்டும் வழிந்துகொண்டு வரும், அலுமாரிக்குள் கிடக்கும் சப்பாத்தில் பச்சையாகப் பூஞ்சணம் பிடிக்கும். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நான் கியூபா சுருட்டு சேர்க்கிறேன் என்றால் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், என்னோடு வேலை செய்கிற பையன்களே சிரிக்கிறார்கள். சேர்க்கிறேன் என்பதும் பெரிய வார்த்தைதான். கையில் இருப்பது மொத்தம் 43 சுருட்டு, 7 வெறும் பெட்டி. வருடத்துக்கு நாலோ ஐந்தோ பற்றவைப்பேன், அதற்கு மேல் இல்லை. சுருட்டு உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் தாத்தா கடைசி மூன்று வருடம் இருமிய இருமல் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

எல்லாம் ஒரு வெறும் பெட்டியில்தான் ஆரம்பித்தது.

எங்கள் லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். மூடியைத் திறந்தால் உள்பக்கம் கொக்கி மூக்கோடு ஒரு கோமாளி சிரிப்பான். சின்ன வயதில் எனக்கு அவனைக் கண்டால் பயம். வீட்டுக் காகிதம் முழுவதையும் அப்பாயி, அப்பாவின் அம்மா, அதற்குள்தான் வைத்திருந்தார்: பிறப்புப் பத்திரங்கள், கூப்பன் புத்தகம், பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டதன் நகல்கள். 1948இல் எங்கள் மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமை போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். ஒரு துண்டுக் காகிதம் செல்லரித்தால் ஒரு குடும்பம் எந்தக் கரையில் நிற்கும் என்றே தெரியாத காலம் அது. அந்தப் பெட்டிக்குள் ஒரு பூச்சி போனதில்லை. ஏன் என்று கேட்டால் "தொரை வீட்டுப் பொட்டிடா, பூச்சிக்கும் பயம் இருக்கும்ல" என்பார் அப்பாயி. தொரை என்றால் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர்.

பயமெல்லாம் இல்லை, மரம்தான் காரணம். ஹவானாச் சுருட்டுப் பெட்டிகளை ஸ்பானிய செடார் என்ற மரத்தில் செய்கிறார்கள். பெயரில்தான் செடார், குலத்தில் அது வேம்புக்கு ஒன்றுவிட்ட சொந்தம், இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். பூச்சிக்குப் பிடிக்காத வாசம் அந்த வழியில் வந்ததுதான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்க எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது. அடியில் சூட்டுக்கோலால் சுட்ட மாதிரி ஆங்கில எழுத்து: மேட் இன் ஹவானா, கியூபா. ஆங்கிலத்தில் இருப்பதுதான் விஷயம். 1960 செப்டெம்பரில் காஸ்ட்ரோ அரசு சுருட்டுக் கம்பனிகளை அரசுடைமையாக்கியது. அடுத்த வருடத்திலிருந்து அந்த இடத்தில் 'எச்சோ என் கூபா' என்று ஸ்பானிய மொழியில் போட ஆரம்பித்தார்கள். ஆகவே அப்பாயியின் பெட்டி அதற்கு முந்தியது. கோமாளியின் பெயர் பஞ்ச். 1840இலிருந்து வரும் பெயர், வெள்ளைக்காரனின் சந்தையைக் குறிவைத்தே வைத்த பெயர். அது டிக்கோயாவில் ஒரு பங்களாவுக்கு வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தாத்தா அந்தப் பங்களாவில் குசினி வேலை. துரை சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்துவிட்டு மிச்சம் வைத்த துண்டை ஒரு நாள் பின்கட்டில் நின்று இழுத்துப் பார்த்தாராம். "சப்புன்னு இருக்கு" என்று தூக்கிப் போட்டுவிட்டாராம். அவர் பிடித்தது கோடா என்ற சாறு போட்ட யாழ்ப்பாணச் சுருட்டு, அதை இழுத்துப் பழகின நெஞ்சுக்கு ஹவானா எங்கே ஏறும்? இதை அப்பா சொல்லும்போதெல்லாம் நான் தாத்தா பக்கம்தான். ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு இலை.

நான் டீ மேக்கர். இலையை வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, காய்ச்சி எடுக்கிற வேலை. அதனால் புகையிலையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது வேற்று நாட்டு விஷயமாகவே தோன்றவில்லை. தேயிலையில் நாங்கள் 'பெர்மென்ட்' என்று சொல்வது உண்மையில் நொதிப்பே இல்லை, இலைச்சாறு காற்றோடு சேர்ந்து கறுக்கிறது, அவ்வளவுதான். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சூடு காட்டி நிறுத்திவிடுவோம். அவர்களுடையது நிஜ நொதிப்பு. கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்திய இலையை ஈரம் காட்டிக் குவியல் குவியலாக அடுக்கி வைத்தால் குவியல் தானாகவே சூடாகும், சூடு ஏறினதும் பிரித்துப் புரட்டி மறுபடி அடுக்குவார்கள். வாரக் கணக்கில், சில இலைக்கு மாதக் கணக்கில். அந்தச் சூட்டில்தான் அமோனியா வெளியேறுகிறது. புதுச் சுருட்டு சிலதில் மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு நெடி வரும், அது இந்த வேலையின் மிச்சம்.

நாங்கள் இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று ஒரே இடத்தில் கிள்ளுகிறோம், அவர்கள் ஒரே செடியை மாடி மாடியாகப் பிரிக்கிறார்கள். வெயில் படும் உச்சி இலை காரத்துக்கு, நடு இலை வாசத்துக்கு, அடி இலை நன்றாக எரிவதற்கு. மேலே சுற்றுகிற இலையை மட்டும் துணிப் பந்தலுக்குக் கீழே தனியாக வளர்க்கிறார்கள். நல்லதெல்லாம் பினார் டெல் ரியோ மாகாணத்தில் வுவெல்தா அபாஹோ என்ற பகுதியிலிருந்து வருகிறது. தேயிலைக்குப் பேர்போன எங்கள் டிம்புளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு எங்கள் ஸ்டோரைச் சுற்றிப் பார்க்க ஒரு கிழவர் வந்தார். 1975இல் தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததோடு ஊர் திரும்பிய ஒரு சின்னத்துரையின், அதாவது உதவி மேலாளரின், மகன். பேச்சுவாக்கில் பஞ்ச் பெட்டி கதையைச் சொன்னேன், கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அடுத்த ஜனவரியில் திரும்ப வந்தார், பைக்குள்ளிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். ஹெச். உப்மான் என்ற கியூபாச் சுருட்டு, மேக்னம் 46 ரகம். இருபத்தைந்தில் ஐந்து மிச்சம். அந்த 46 என்பது தடிப்பு, ஒரு அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 46 பங்கு, ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். பெட்டியின் அடியில் 'ஜே எம்' என்று இரண்டெழுத்து, அதற்குப் பக்கத்தில் ஓ, ஏ, யூ, எஸ் என்று நான்கெழுத்து.

இதைப் படிக்கத் தெரிந்த அன்று எனக்கு இரவு தூக்கமில்லை. 1985இலிருந்து கியூபாக்காரர்கள் பெட்டியின் அடியில் சங்கேதம் போட ஆரம்பித்தார்கள். 'நிவெல் அகுசோ' என்று ஸ்பானிய மொழியில் இரண்டு சொல், மொத்தம் பத்து எழுத்து, ஒரு எழுத்தும் இரண்டாம் முறை வராது. முதல் எழுத்து 1, அடுத்தது 2, அப்படியே போய்க் கடைசி எழுத்து 0. அந்தக் கணக்கில் என் பெட்டியின் நான்கெழுத்து 0689, அதாவது 1989 ஜூன். ஜே எம் என்றால் ஹோசே மார்த்தி, உப்மான் தொழிற்சாலைக்குப் புரட்சிக்குப் பிறகு வைத்த பெயர். நம் ஊர்ச் செட்டியார் கடைகளில் கொள்முதல் விலையை ஒரு சொல்லின் எழுத்துகளால் சீட்டில் குறித்து வைப்பார்கள் அல்லவா, அதே தந்திரம்தான். கடல் கடந்தும் வியாபாரி மூளை ஒன்றாகத்தான் வேலை செய்கிறது.

உப்மான் என்றதும் எல்லாரும் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கதையைச் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டுப் போகிறேன். 1962 பெப்ரவரியில் கியூபாவுக்குத் தடை போடும் ஆணையில் கையெழுத்திடுவதற்கு முன்பு, எனக்கு ஆயிரம் பெட்டிட் உப்மான் வாங்கி வை என்று தன் செய்தித் தொடர்புச் செயலாளர் பியர் சலிஞ்சரிடம் கேட்டாராம். அவர் 1,200 கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் கையெழுத்தாம். சலிஞ்சரே பின்னாளில் சொன்னது. ஊருக்கு ஒரு சட்டம், துரைக்கு ஒரு சட்டம். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது புதுக் கதை இல்லை.

ஐந்தில் முதலாவதை அந்தத் தை மாதமே, மழையில்லாத ஒரு சாயங்காலம் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து பற்றவைத்தேன். முதல் அரை அங்குலம் ஏமாற்றம்தான், தாத்தா சொன்ன 'சப்பு' ஞாபகம் வந்தது. அப்புறம் மெல்ல மெல்ல ஏதோ திறந்தது. காரம் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் வருடங்களில் கரைந்துபோயிருந்தது. அது விட்டுப்போன இடத்தில் பழைய செடார் வாசம், வறுத்த வேர்க்கடலைத் தோல், நம் ஸ்டோரில் இரவு ஷிஃப்ட் முடிந்து டிரையரை அணைத்த பிறகு சுவரிலிருந்து வருமே ஒரு சூட்டு வாசம், அது. கித்துள் கருப்பட்டி ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடித்தேன். விஸ்கியோடுதான் பிடிக்க வேண்டும் என்பவர்கள் அவர்கள் இஷ்டத்துக்குப் பிடிக்கட்டும், இத்தனை மெல்லிய பழைய சுருட்டை விஸ்கி அடித்து வீழ்த்திவிடும் என்பது என் கட்சி.

இப்போது வைத்துப் பாதுகாக்கிற பாட்டைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதெல்லாம் நமக்குத் தலைகீழ். காற்று காய்ந்துவிடுகிறது, பெட்டிக்குள் தண்ணீர் வையுங்கள், கடற்பஞ்சு வையுங்கள் என்கிறார்கள். சுருட்டுக்கு வேண்டியது ஈரப்பதம் 65இலிருந்து 70 சதவீதத்துக்குள். சாப்பாட்டு உப்பு தண்ணீராகத் தொடங்குவது 75 சதவீதத்துக்கு மேல். குசினியில் உப்பு கசிகிறது என்றாலே சுருட்டுக்கு ஆபத்து என்று அர்த்தம், இதற்கு மீட்டரே தேவையில்லை. (மீட்டரைச் சரிபார்ப்பதும் உப்பால்தான்: உப்பை நனைத்துக் கூழாக்கி அதோடு மீட்டரை ஒரு பைக்குள் மூடி வைத்தால் ஒரு நாளில் 75 காட்ட வேண்டும்.)

நான் செய்த பெரிய முட்டாள்தனம், ஈயத்தாள் ஒட்டிய ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்குள் எட்டு சுருட்டை வைத்தது. ஈரம் புகாது என்பது சரிதான். ஆனால் தேயிலையும் புகையிலையும் எந்த வாசத்தைக் கண்டாலும் உறிஞ்சுகிற சாதி என்று தினமும் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற ஆள் நான், எனக்கே அது அன்றைக்கு உறைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்தால் எட்டும் டஸ்ட் தேத்தூள் மணக்கிறது. இப்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் செடார் தகடு, ஈரத்தைத் தேவைக்கு வாங்கியும் விட்டும் கொடுக்கிற 65 சதவீதப் பொதி இரண்டு. அவ்வளவே. மலைக்கு ஒரு நன்மையும் உண்டு. புகையிலை வண்டின் முட்டை பொரிக்க நல்ல சூடு வேண்டும், கொழும்பில் ஒரு நண்பரின் பெட்டியில் சுருட்டெல்லாம் புல்லாங்குழல் மாதிரி ஓட்டை. இங்கே ஒரு தடவைகூட அந்தத் தொல்லை வரவில்லை. இருந்தாலும் புதிதாக வருவதை மூன்று நாள் ஃபிரீசரில் போட்டுத்தான் சேர்ப்பேன், மீன் பொதிக்குப் பக்கத்தில் போடாதே என்று மனைவியிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு.

போலி வாங்கிய கதையையும் மறைக்கக் கூடாது. தம்பி வளைகுடாவிலிருந்து வரும்போது அண்ணனுக்கென்று ஒரு சந்தையில் கொஹீபா என்ற கியூபாச் சுருட்டுப் பெட்டி வாங்கி வந்தான், மூடி கண்ணாடியில். கொஹீபா 1966இல் காஸ்ட்ரோவுக்கும் விருந்தாளிகளுக்கும் என்று தொடங்கி 1982இல்தான் வெளிச்சந்தைக்கு வந்தது, கண்ணாடி மூடியில் அது ஒரு நாளும் வந்ததில்லை. பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது, சுருட்டைச் சுற்றிய காகிதப் பட்டியில் வெள்ளைப் புள்ளி வரிசையும் கோணல். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் முன்னாலேயே ஒன்றைப் பற்றவைத்தேன். உள்ளே வாழைச் சருகோ என்று இன்றைக்கும் சந்தேகம்.

என்னிடம் இருப்பதில் விசித்திரமானது பார்த்தகாஸ் கம்பனியின் குலேப்ராஸ். குலேப்ராஸ் என்றால் பாம்புகள். மூன்று மெல்லிய சுருட்டை ஈரமாக இருக்கும்போதே சடை பின்னுகிற மாதிரி முறுக்கிக் கட்டியிருக்கும். பிரித்தால் மூன்றும் நெளிந்து நெளிந்து நிற்கும். சுருட்டு சுற்றுகிற தொழிலாளிகளுக்குத் தினப் பங்கு உண்டு, அவர்கள் நல்ல சுருட்டைத் திருடிக்கொண்டு போகாமல் இருக்க அவர்களுக்கென்று இப்படிக் கோணலாகச் செய்து கொடுத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை நிஜமோ பொய்யோ, எனக்கு நெருடலாகத்தான் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து ஸ்டோர் வாசலில் சேலை மடிப்பை உதறிக் காட்டிவிட்டு வெளியே வரும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மூன்றையும் இன்னும் பிரிக்கவில்லை.

சுருட்டு செய்த வருடத்தைப் பிடித்துத் தொங்குகிறவர்களையும் பார்க்கிறேன். 1979, 80இல் நீலப் பூஞ்சண நோய் கியூபாவின் புகையிலையைக் கிட்டத்தட்ட முழுவதாக அழித்தது, அதனால் அதை ஒட்டிய வருடப் பெட்டிகள் அரிது, அரிது என்பதால் விலை. 1869இல் இதே மலையில் கோப்பிக்குத் துரு நோய் வந்தது. நோய் தப்பிய கோப்பி என்பதற்காக யாரும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை. பழசு என்பது ஒரு தகுதியே இல்லை, யார் வீட்டில் எப்படி இருந்தது என்பதுதான் தகுதி. அந்தக் கிழவர் லண்டனில் நிலவறையில் வைத்திருந்தாராம். அதனால்தான் என் உப்மான் பேசியது.

உப்மானில் இன்னும் இரண்டு மிச்சம். அவற்றை அப்பாயியின் பஞ்ச் பெட்டிக்குள் மாற்றி வைக்கலாம், அந்தச் செடார் வாசத்துக்கு வேறு ஈடில்லை என்று போன வாரம் எடுக்கப் போனேன். உள்ளே மனைவியின் நகை அடகுச் சீட்டு மூன்று, மகளின் பிறப்புப் பத்திரம், அவளது சாதாரண தரப் பரீட்சை அனுமதிச் சீட்டு, மின்சார பில்.

"என்னங்க, அதைத் தொடாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல். "வேற எதுல வச்சாலும் பூச்சி அரிக்குது."

மூடிவிட்டு வந்துவிட்டேன்.