தில்லிக் காவல்துறை யாருடையது?

காவல்துறை மானியக் கோரிக்கை மீதான விவாதத்துக்கு முதலமைச்சர் சட்டப்பேரவையில் எழுந்து பதிலுரை ஆற்றுவதைப் பார்த்தே வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு, தில்லியின் நிர்வாக முறை பிடிபடச் சிறிது காலம் ஆகும். அங்கேயும் சட்டப்பேரவை உண்டு, முதலமைச்சர் உண்டு. ஆனால் தெருமுனையில் நிற்கும் ஒரு காவலரை இடமாற்றம் செய்யும் அதிகாரம்கூட அவருக்குக் கிடையாது. 80,000-ஐத் தாண்டிய பணியிடங்களைக் கொண்ட தில்லிக் காவல்துறை, மத்திய உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பில் இருக்கிறது. இன்றைய அரசியல் சண்டையின் விளைவாக மட்டும் இதைப் பார்ப்பவர்கள் பலர். நகரத்தைக் காக்கும் படை நகரத்தாருக்குக் கட்டுப்படாமல் நாட்டை ஆள்பவருக்குக் கட்டுப்படுவது, அங்கே பல நூற்றாண்டுகளாகத் தொடரும் வழக்கம் என்பதே நான் படித்தறிந்த வரையில் எனக்குப் படுகிறது.

சுல்தான்கள் காலத்திலும் முகலாயர் காலத்திலும் நகரக் காவலின் தலைவராக இருந்தவர் கொத்தவால். திருடர்களைப் பிடிப்பது மட்டுமன்றி, சந்தையின் எடைகளையும் அளவுகளையும் கண்காணிப்பது, இரவுக் காவலை நடத்துவது, நகருக்குள் வந்து போகும் அயலாரைக் கணக்கில் வைப்பது என அவருடைய கைக்குள் அடங்காத வேலை குறைவு. அவரை நியமித்தவர் அரசர். அவர் கணக்கு ஒப்புவித்ததும் அரசருக்கே. 1857 எழுச்சிக்கு முன்பு அப்பதவியில் கடைசியாக இருந்தவர், ஜவாஹர்லால் நேருவின் பாட்டனாரான கங்காதர் நேரு.

எழுச்சி அடக்கப்பட்ட பின் தில்லி பஞ்சாபின் ஒரு மாவட்டமாகச் சுருங்கியது. 1861-ஆம் ஆண்டின் காவல் சட்டப்படி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மாவட்ட நடுவரின், அதாவது ஆட்சியரின், பொதுக் கட்டுப்பாட்டில் இயங்கவேண்டியவரானார். சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மாகாணத் தலைநகரங்களுக்கோ அதற்கு ஐந்தாண்டு முன்னதாகவே, 1856-இல், காவல் ஆணையர் என்ற தனி ஏற்பாடு கிடைத்துவிட்டது. சென்னை பெற்ற ஆணையர் முறையைத் தில்லி பெற 122 ஆண்டுகள் கூடுதலாகப் பிடித்தன என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு 1911 டிசம்பரில் வந்தது. மறு ஆண்டு அரசிதழில் காணப்படும் காவல் கணக்கு, அறிவிப்பின் ஆடம்பரத்தோடு ஒப்பிட்டால் மிக எளிமையானது: ஒரு கண்காணிப்பாளர், ஒரு துணைக் கண்காணிப்பாளர், 2 ஆய்வாளர்கள், 27 துணை ஆய்வாளர்கள், 110 தலைமைக் காவலர்கள், 985 காவலர்கள், 28 குதிரை வீரர்கள். நகருக்குள் கொத்தவாலி, சப்ஜி மண்டி, பஹாட்கஞ்ச் ஆகிய மூன்று பெரிய நிலையங்கள் இருந்தன. மேற்பார்வையிட்ட டி.ஐ.ஜி. அம்பாலாவில் அமர்ந்திருந்தார். தில்லியின் பொது நிர்வாகத்துக்குத் தலைவரான முதல் தலைமை ஆணையருக்கே (இவர் காவல் ஆணையர் அல்லர்) ஐ.ஜி.யின் அதிகாரங்களும் வழங்கப்பட்டன. அவரை நியமித்தது இந்திய அரசு என்பதால், படையின் கடிவாளம் மறுபடியும் நாட்டை ஆள்பவர் கைக்கே போய்ச் சேர்ந்தது.

1946-இல் படையின் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிரிவினை வந்து, கலவரமும் அகதிகளின் பெருக்கமும் அந்தக் கணக்கைச் செல்லாததாக்கின. 1948 ஜனவரி 20-ஆம் தேதி காந்தி தங்கியிருந்த பிர்லா மாளிகையில் குண்டு வெடித்து, அதை வைத்த மதன்லால் பாஹ்வா அங்கேயே பிடிபட்டார். பத்து நாட்கள் கழித்துக் காந்தி கொல்லப்பட்டார். துக்ளக் சாலைக் காவல் நிலையத்தில் உருதுவில் எழுதப்பட்ட முதல் தகவல் அறிக்கையே அந்த வழக்கின் தொடக்கம். அப்போது உளவுத்துறையின் இயக்குநராக இருந்த டி. ஜி. சஞ்சீவி, சென்னை மாகாணக் காவல் பணியிலிருந்து சென்றவர். தில்லிக் காவல்துறையின் ஐ.ஜி. பொறுப்பையும் அவரே சேர்த்துக் கவனித்துவந்தார். நாடு முழுவதற்குமான உளவு வேலையையும் ஒரு நகரத்தின் காவலையும் ஒரே மனிதரின் தோளில் ஏற்றிவைத்திருந்தது எவ்வளவு பெரிய பிசகு என்று இன்று சொல்வது எளிது. அதே ஆண்டு பிப்ரவரி 16 முதல் தில்லிக்குத் தனி ஐ.ஜி. அமைந்தார். 1951 வாக்கில் படையில் சுமார் 8,000 பேர் இருந்தனர்.

1966-இல் நீதிபதி ஜி. டி. கோஸ்லா தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. வடக்கு, மத்தி, தெற்கு, புதுதில்லி என்று நான்கு காவல் மாவட்டங்கள் அதன் பரிந்துரைப்படியே உருவாயின. ஆணையர் முறையைக் கொண்டுவரவேண்டும் என்றும் அது கூறியிருந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1978 ஜூலை 1-ஆம் தேதி. இதனால் ஊரடங்கு, கூட்டம் கூடத் தடை போன்ற உத்தரவுகளைப் பிறப்பிக்க ஆட்சியரின் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை மாறி, காவல் அதிகாரிகளுக்கே நிர்வாக நடுவரின் அதிகாரம் கிடைத்தது. ஆனால் 1978-ஆம் ஆண்டின் தில்லிக் காவல் சட்டம், படையின் மேற்பார்வையை மத்திய அரசு நியமிக்கும் நிர்வாகியிடம், அதாவது துணைநிலை ஆளுநரிடம், ஒப்படைத்தது.

அமைப்பைப் பொறுத்தவரை சென்னையை அறிந்தவருக்குப் புதிதாக எதுவும் இல்லை. ஆணையருக்குக் கீழே சிறப்பு ஆணையர்கள், இணை ஆணையர்கள், கூடுதல் ஆணையர்கள், 15 மாவட்டங்களுக்கும் துணை ஆணையர்கள், உட்கோட்டங்களுக்கு உதவி ஆணையர்கள், நிலையத்தில் எஸ்.எச்.ஓ. எனப்படும் ஆய்வாளர். ஐ.பி.எஸ். அதிகாரிகள் அருணாச்சலப் பிரதேசம், கோவா, மிசோரம், ஒன்றியப் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கான பொதுப் பிரிவிலிருந்து வருவதால், இன்று புதுச்சேரியில் பணியாற்றும் அதிகாரியை நாளை தில்லியில் காணலாம். மெட்ரோ நிலையத்தில் பையைச் சோதிப்பவர் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர். அங்கே பணப்பை திருட்டுப் போனால் வழக்குப் பதிவது தில்லிக் காவல்துறை. திகார் சிறை தில்லி அரசின் பொறுப்பு. அங்கே காவல் பணியில் இருப்போரில் நம்முடைய தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் ஓர் அணியும் உண்டு.

மத்திய அரசின் நேரடிப் பிடியில் இருந்தால் படை கட்டுக்கோப்பாக இருக்கும் என்ற வாதத்தை 1984 நவம்பர் அடியோடு பொய்யாக்கியது என்பது என் கருத்து. இந்திரா காந்தி கொலைக்குப் பிறகான நாட்களில் சீக்கியர்களுக்கு எதிராக நடந்த வன்முறையில், அதிகாரபூர்வக் கணக்குப்படியே தில்லியில் 2,733 பேர் கொல்லப்பட்டனர். பின்னர் காவல்துறையினரின் நடத்தையை ஆராய்ந்த குழுவின் அறிக்கை 72 பேரைப் பொறுப்பாளிகளாகச் சுட்டியது. அந்நாளில் தில்லியில் சட்டப்பேரவையே இல்லை. குறுக்கே நிற்க ஒரு முதலமைச்சரும் இல்லை.

1991-இல் 69-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பேரவையைத் திருப்பித் தந்தபோது, 239ஏஏ பிரிவின்படி பொது ஒழுங்கு, காவல், நிலம் ஆகிய மூன்றையும் அதன் வரம்புக்கு வெளியே நிறுத்தியது. நாடாளுமன்றமும் குடியரசுத் தலைவர் மாளிகையும் தூதரகங்களும் உள்ள நகரில் மத்திய அரசு தன் பாதுகாப்புக்கு இன்னொரு அரசை நம்பியிருக்க முடியாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நஜஃப்கட் கடைத்தெருவின் சங்கிலிப் பறிப்புக்கும் தூதரகப் பாதுகாப்புக்கும் ஒரே பூட்டைப் போட்டதற்கான விளக்கம் எனக்கு இன்னும் நிறைவளிக்கவில்லை. காவல்துறை தங்களிடம் வரவேண்டும் என்று 2014 ஜனவரியில் அப்போதைய முதலமைச்சர் கேஜ்ரிவாலே ரயில் பவன் அருகே தெருவில் அமர்ந்து போராடினார். 2018-இலும் 2023-இலும் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் தில்லி அரசின் அதிகாரங்களைப் பிற துறைகளில் விரித்துச் சொன்னபோதும், இந்த மூன்றையும் மத்திய அரசிடமே விட்டுவைத்தன. இதனால் கன்னியாகுமரியின் மக்களவை உறுப்பினர் கரோல்பாக் காவல் நிலையத்தைப் பற்றி உள்துறை அமைச்சரிடம் கேள்வி கேட்கலாம். கரோல்பாக்கின் சட்டமன்ற உறுப்பினர் தம்முடைய பேரவையில் அதே கேள்வியை எழுப்ப முடியுமா என்பதே சர்ச்சைக்குரியதாக இருக்கிறது.