சித்தப்பா கையில் காதல் கடிதம்: எச்ரிரிபிஎஸ் நடப்பது எப்படி

பொழுதுபட்டதும் யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டு விறாந்தையில் ஏறினாலும் உள்ளே ரீவியில் ஒரு சீரியல் ஓடும். காதலர் இருவர். நேரே சந்திக்க வழியில்லை. கடிதம் கொண்டுபோக ஒரு சித்தப்பா, அவரை நம்பவும் முடியாது. பாங்கின் இணையத்தளத்தைத் திறக்கும்போது முகவரியின் முன்னால் எச்ரிரிபிஎஸ் (https) என்று வரும், அதுதான் உங்களுக்கும் பாங்குக்கும் இடையிலான பேச்சைக் காக்கும் முறை. அது நடப்பதை விளங்கப்படுத்த இந்தக் கதையே போதும்.

தர்சினி உங்கள் போனில் இருக்கும் பிறவுசர். கஜன் பாங்கின் சேர்வர், அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினி. சித்தப்பா என்பது இடையில் உள்ள எல்லாமும்தான்: வீட்டு ரவுற்றர், கடையின் இலவச வைஃபை, இன்ரநெற் கொம்பனியின் கேபிள். எந்தக் கடிதமும் அவர் கைபட்டுத்தான் போகும்.

இதை விளக்குபவர்கள் பலரும் கடிதத்தைப் பூட்டுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். சீரியல் பார்ப்பவர்களுக்கு விசயம் தெரியும். கடிதத்தைக் களவாய் வாசிக்கிற வில்லன் சின்ன வில்லன். காதலன் பெயரில் பதில் எழுதுகிறவன்தான் குடியைக் கெடுப்பான்.

முதலில் பூட்டு. கடிதத்தைப் பூட்டவும் திறக்கவும் இருவருக்கும் பொதுவான ஒரு இரகசிய எண் வேண்டும், ஆனால் அதைச் சித்தப்பா கையில் கொடுத்தனுப்ப முடியாது. 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் இதற்கு வழி வெளியிட்டார்கள். 17, 3 என்ற இரண்டு எண்களை எல்லாருக்கும் தெரியவே வைத்துக்கொள்ளுங்கள். தர்சினி மனதுக்குள் 6 என்று நினைக்கிறாள். ஆறு 3களை ஒன்றோடொன்று பெருக்கினால் 729, அதை 17ஆல் பிரித்தால் மீதி 15. அந்த 15ஐ அனுப்புகிறாள். கஜன் நினைத்தது 7. 3ஐ ஏழு தடவை பெருக்கினால் 2187, மீதி 11. அவன் 11ஐ அனுப்புகிறான். இப்போது அவள் 11ஐ ஆறு தடவை பெருக்கி 17ஆல் பிரித்து மீதி பார்க்கிறாள்: 8. அவன் 15ஐ ஏழு தடவை பெருக்கிப் பார்க்கிறான்: அதே 8. சித்தப்பா கண்டது 15உம் 11உம் மட்டும்.

17 என்றால் அவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே பிடித்துவிடுவார். உண்மையில் இன்று பிறவுசர்கள் பரவலாகப் பயன்படுத்தும் முறையில் அந்த எண் 77 இலக்கம் கொண்டது. கணக்கின் வகையும் வேறு, நீள்வட்ட வளைகோடு என்பார்கள். யோசனை மட்டும் இதேதான்.

ஆனால் சித்தப்பா புத்திசாலி என்றால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். தர்சினியின் 15ஐச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, தன் எண் ஒன்றைக் கஜனுக்குக் கொடுப்பார். கஜனின் 11ஐ மறைத்துவிட்டு, இன்னொன்றை அவளிடம் நீட்டுவார். இப்போது அவளுக்கும் அவருக்கும் ஒரு இரகசியம், அவருக்கும் கஜனுக்கும் இன்னொரு இரகசியம். இரண்டு பக்கமும் பூட்டு உண்டு, இரண்டு திறப்பும் அவரிடம். பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் இங்கே ஒரு பலனும் இல்லை.

அதனால்தான் சேர்ட்டிபிகேற். கஜன் தன் எண்ணோடு ஒரு கடிதமும் சேர்த்து அனுப்ப வேண்டும்: 'இவர் இன்னார்தான்' என்று கிராம சேவகர் எழுதி, பிரதேச செயலாளர் மேலொப்பம் வைத்தது. தர்சினிக்குக் கிராம சேவகரைத் தெரியாது. பிரதேச செயலாளரின் முத்திரை மட்டும் அவளுடைய அலுமாரியில் மாதிரிக்கு இருக்கிறது. போனிலும் கணினியிலும் முன்கூட்டியே பதிந்து வருகிற ரூட் சேர்ட்டிபிகேற்றுகள்தான் அந்த அலுமாரி.

கடிதத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து எவனும் கொண்டு வரலாமே? வரலாம். சேர்ட்டிபிகேற் இரகசியமே இல்லை. அதனால் இன்னொரு படி உண்டு: இதுவரை இருவரும் கதைத்த எல்லாவற்றின் மேலும், கஜனிடம் மட்டும் இருக்கும் தனித்திறப்பால் கையொப்பம் வைத்துக் காட்ட வேண்டும். கொப்பி வைத்திருப்பவனிடம் திறப்பு இல்லை. சித்தப்பா எண்ணை மாற்றியிருந்தால் கையொப்பம் பொருந்தாது. நாடகம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

எச்ரிரிபிஎஸுக்குள் இந்தப் பூட்டு வேலையைச் செய்யும் விதிமுறைக்கு ரிஎல்எஸ் (TLS) என்று பெயர். 2018 ஓகஸ்டில் வெளிவந்த அதன் 1.3ஆம் பதிப்பு இவ்வளவையும் ஒரே போய்வரவில் முடிக்கிறது. அதற்கு முந்திய 1.2க்கு இரண்டு தேவைப்பட்டது. சீரியலில் என்றால் இதற்கே இரண்டு மாதம் இழுப்பார்கள். 1.3இல் இன்னொரு நன்மையும் உண்டு. இரகசிய எண் ஒவ்வொரு தொடர்புக்கும் புதிதாக உண்டாகி, முடிந்ததும் அழிக்கப்படுகிறது. பிறகொரு நாள் சேர்வரின் தனித்திறப்பு களவு போனாலும், முன்பு பதிவு செய்து வைத்த பழைய கடிதங்களைத் திறக்க முடியாது.

தளம் நடத்துபவர்கள் அதிகம் இடறுவது மேலொப்பத்தில்தான். கணினியில் தளம் திறக்கிறது, போனில் உள்ள ஆப் மட்டும் 'நம்பகமில்லை' என்கிறது. காரணம், சேர்வர் தன் சேர்ட்டிபிகேற்றை மட்டும் அனுப்புகிறது, கிராம சேவகருக்கு மேலொப்பம் போன்ற இடைநிலைச் சேர்ட்டிபிகேற்றை விட்டுவிட்டது. கணினிப் பிறவுசர்கள் விட்டுப்போனதைத் தாங்களே தேடி எடுத்துச் சமாளிக்கும். ஆப்புகள் பெரும்பாலும் அப்படித் தேடாது. சேர்வரில் தளத்தை வழங்கும் மென்பொருளான என்ஜின்எக்ஸில் (nginx) 'சேர்ட்' (cert) என்ற கோப்பைக் காட்டியிருந்தால் இடைநிலையும் சேர்ந்த 'ஃபுல்செயின்' (fullchain) என்ற கோப்புக்கு மாற்றுங்கள். பிரச்சினை தீரும்.

அடுத்தது காலாவதி. லெட்ஸ் என்கிரிப்ற் என்ற நிறுவனம் இலவசமாகத் தரும் வழக்கமான சேர்ட்டிபிகேற்றுக்கு ஆயுள் 90 நாள். சேர்ட்பொட் என்ற மென்பொருள் அதை முன்கூட்டியே தானாகப் புதுப்பிக்கும். இரண்டு இடத்தில் இது பிழையாய்ப் போகும். ஒன்று, சேர்வரின் காவல் மதிலான ஃபயர்வோலில், பூட்டில்லாத பழைய வாசலான 80ஆம் போர்ட்டை யாரோ 'இனித் தேவையில்லை' என்று மூடிவிட்டிருப்பார்கள். அந்த வழியாகத்தான் சரிபார்ப்பு வருகிறது என்றால் புதுப்பித்தல் நடக்காது. மற்றது, கோப்பு புதுப்பிக்கப்பட்டிருக்கும், ஆனால் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யாததால் அது நினைவிலுள்ள பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

பார்ப்பவர் பக்கத்துப் பிழையில் முதலிடம் மணிக்கூட்டுக்கு. பழைய கணினியின் மதர்போர்ட்டில் உள்ள சிஆர்2032 பற்றரி செத்துவிட்டால், கரண்ட் போய் வந்ததும் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். அந்தத் திகதிக்கு எல்லாச் சேர்ட்டிபிகேற்றும் இன்னும் பிறக்கவேயில்லை. எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை வருகிறதென்றால் முதலில் திகதியைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வைஃபையில் மட்டும் வருகிறதென்றால், அதன் உள்நுழைவுப் பக்கம் குறுக்கே நிற்கிறது, அல்லது உண்மையாகவே ஒரு சித்தப்பா நிற்கிறார். அந்த இடத்தில் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்துவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. வைஃபையை நிறுத்திவிட்டு டேற்றாவில் திறந்து பாருங்கள்.

பூட்டு மறைக்காததும் உண்டு. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது. எந்த வீட்டுக்குப் போகிறது, எத்தனை மணிக்கு, எவ்வளவு பாரம் என்பதெல்லாம் தெரியும். தளத்தின் பெயர் தொடக்கக் கடிதத்தில் இன்றும் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகிறது.

சேர்ட்டிபிகேற் சொல்வது பெயரை மட்டும்தான், குணத்தை அல்ல. மோசடிக்காரன் தன் சொந்தப் பெயருக்கு முறையாகவே ஒன்று எடுத்து வைத்திருப்பான், பூட்டுப் படமும் வரும். பூட்டைப் பார்த்தே மக்கள் நம்பிவிடுகிறார்கள் என்பதால் 2023 செப்ரெம்பரில் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. எனவே பெயரை வாசியுங்கள், அதுவும் வலப்பக்கத்திலிருந்து. எச்ரிரிபிஎஸை ஒட்டிய இரண்டு சாய்கோட்டையும் விட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்பது 'டொட் கொம்' அல்லது 'டொட் எல்கே' போன்றது. அதற்கு ஒட்டி இடப்பக்கம் உள்ள சொல்தான் வீட்டுக்காரர். 'கொம் டொட் எல்கே' என்று முடிந்தால் அதற்கும் முந்திய சொல். அதற்கு இடப்பக்கம் பாங்கின் பெயரை யாரும் எழுதிவிடலாம். போனில் முகவரி பாதிதான் தெரியும், தட்டி இழுத்து முழுவதையும் பார்த்த பிறகு கடவுச்சொல்லைப் போடுங்கள்.