கையெழுத்து வாங்குவது மட்டுமா பெற்றோர் கூட்டம்?

கோத்தகிரிப் பக்கம் சிறப்புப் பயிற்றுநராக வேலை பார்க்கிறேன். காது கேளாத, குறைவாகக் கேட்கும் பிள்ளைகள் படிக்கிற சாதாரணப் பள்ளிகளுக்கு முறை வைத்துப் போய்வருவது என் பணி. எந்தப் பள்ளிக்குப் போனாலும், பெற்றோர் ஒத்துழைப்பதில்லை என்ற புகார் வரும். அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. கொழுந்து பறிக்கும் தாயை வேலைநாளில் பதினோரு மணிக்கு அழைத்தால் அவருக்கு அன்றைய கூலி போய்விடும். கூலியை விட்டுவிட்டு வந்தாலும் நாம் பேசுகிறோம், அவர் தலையாட்டுகிறார், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். பிள்ளையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை.

இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் காதொலிக் கருவி இல்லாமலேயே பள்ளிக்கு வந்துகொண்டிருந்தான். வீட்டில் அக்கறையில்லை என்பது பள்ளியின் முடிவு. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்குப் போனேன். பாட்டி மட்டும் இருந்தார். கருவியைத் துணியில் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தார். மூடுபனிக் காலத்தில் ஈரம் ஏறினால் கெட்டுவிடும் என்று கருவி கொடுத்த இடத்தில் சொன்னார்களாம்.

"சாப்பிடும்போது கீச்சென்று விசில் அடிக்கிறது, டீச்சர். மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இவன் கழற்றி என் மடியில் போட்டுவிடுகிறான்" என்றார்.

வகுப்பறையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு இது தெரிந்திருக்காது. காதுக்குள் பொருந்தும் மோல்டை அளவெடுத்துச் செய்கிறார்கள். வளரும் பிள்ளைக்குச் சில மாதங்களிலேயே அது தளர்ந்துவிடும். மெல்லும்போது தாடை அசைகிறது. கருவியிலிருந்து வரும் ஒலி இடைவெளி வழியே கசிந்து மறுபடி மைக்குக்குள் நுழைந்து விசிலாகிறது. கருவியில் பழுதே இல்லை, மோல்டைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிய பிறகு அவன் கருவியோடு வருகிறான். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை டப்பாவில் போட்டு வைக்கப் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதன் நிறம் மாறினால் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்.

தகப்பன்மார்கள் கேட்கும் கேள்வி வேறு. "கூப்பிட்டால் திரும்புகிறானே, பிறகு எதற்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்?" 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதுகளிலும் பேச்சொலி அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாமை, 60 முதல் 70 வரை என்றால் குறைவாகக் கேட்டல். எண்ணைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. குரல் வருவது தெரிவதும் பேச்சு புரிவதும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளையையே முன்னால் வைத்துக் காட்டுவேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அப்பாவையே பேசச் சொல்வேன். பிள்ளையின் முகம் மாறுவதை அவரே பார்த்துவிடுவார்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. படுகர் வீடுகளில் அவர்கள் மொழியான படுகு பேசுகிறார்கள், பள்ளியில் தமிழ். உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. அத்தகைய வீடு ஒன்றில் ஒரு தாய், குடும்பத்துக்குள் புழங்கும் சைகைகளை ஒவ்வொன்றாகச் செய்துகாட்ட, மூத்த மகள் அவற்றை நோட்டில் படமாக வரைந்து கொடுத்தாள். காட்டெருமைக்குக் கணுக்காலிலிருந்து மேலே தடவிக் காட்டுகிறார்கள்; அதன் கால் வெள்ளையாக இருப்பதால். வகுப்பாசிரியை அந்த நோட்டை மேசையில் வைத்துக்கொண்டார். இந்திய சைகை மொழியைக் கற்றுத்தருவதற்கும் அந்த நோட்டிலிருந்துதான் தொடங்குகிறோம். வீட்டுச் சைகையை விட்டுவிடச் சொல்வது சரியல்ல என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பெற்றோரின் உண்மையான பயம் எதிர்காலத்தைப் பற்றியது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்லக்கூடியவர், குன்னூரில் தையற்கடை நடத்தும் காது கேளாத ஒருவர். சென்ற கூட்டத்துக்கு அவர் மனைவியுடன் வந்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. எப்படித் தொழில் கற்றார், வாடிக்கையாளரிடம் அளவும் கூலியும் எப்படிப் பேசுகிறார், கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் அன்று வேலை இல்லை, தகப்பன்மார்களும் வரலாம்.