ரோபோவுக்கே தன் கை நுனி தெரியாது

ரோபோ அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால் தவறாமல் வரும் கேள்வி இது: கையை அசைப்பதே ரோபோதானே, கருவி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாதா? பிறகு எதற்குக் கேமரா படத்தில் போய்த் தேட வேண்டும்?

பாதிதான் தெரியும். டா வின்சி வகை இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கருவியின் தண்டு பெரும்பாலும் 8 மி.மீ. தடிமன். அதன் மணிக்கட்டையும் தாடைகளையும் அசைப்பவை தண்டுக்குள் ஓடும் மெல்லிய உலோக வடங்கள். மோட்டாரும், அது எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் என்கோடரும் நோயாளியின் உடலுக்கு வெளியே, மறுமுனையில் இருக்கின்றன. என்கோடர் சொல்வது மோட்டாரின் கோணத்தை. நுனியின் இடத்தை அல்ல. நடுவில் வடம் இழுபட்டு நீளும், கப்பியில் உராயும், திசை மாறும்போது கொஞ்சம் தொய்வு விழும். திசுவை இழுத்துப் பிடித்தால் தண்டே லேசாக வளையும்.

இதைவிடப் பெரிய பிழை கையின் அடிப்பகுதியில் இருக்கிறது. சிகிச்சைக்கு முன் கைகளை நோயாளிக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தும் மூட்டுகளின் அளவீடு அவ்வளவு துல்லியமானதல்ல. ட்ரோக்கார் (கருவியை வயிற்றுக்குள் விடும் குழாய்) துளையிலிருந்து 150 மி.மீ. உள்ளே நீண்டிருக்கும் கருவியில் 1 பாகை பிசகினால் நுனியில் 2.6 மி.மீ. பிசகும். கேமராவைத் தாங்கும் கையிலும் இதே வகைப் பிழை உண்டு. இரண்டும் சேரும்போது, மூட்டுக் கணக்கை, அதாவது கையின் மூட்டுக் கோணங்களிலிருந்து கணக்கிட்ட நுனியின் இடத்தை வைத்துப் படத்தின் மேல் வரைந்த கத்தரிக்கோல், உண்மையான கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் ஆவி மாதிரி தனியாக நிற்கும்.

கன்சோலில், அதாவது ரோபோவை இயக்கும் மேசையில், உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு இது உறைக்காது. திரையைப் பார்த்துக் கையைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். பிழையைச் சரிக்கட்டுவது அவர் கண். கட்டியின் எல்லையைப் படத்தின் மேல் வரைந்து காட்டுவது, ஊசி வாங்கித் தைப்பதை இயந்திரமே செய்வது, பார்வைக்கு வெளியே போன கருவியைப் பற்றி எச்சரிப்பது என்று வரும்போதுதான் அந்தக் கண்ணின் வேலையை மென்பொருள் செய்ய வேண்டியிருக்கிறது.

அங்கே கேமராவுக்கும் சோதனைக்குக் குறைவில்லை. வயிற்றுக்குள் விளக்கு, லென்ஸின் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் நிழல் பெரிதாக விழாது, பளபளக்கும் உலோகமும் ஈரத் திசுவும் வெளிச்சத்தை நேராகத் திருப்பி அடிக்கும். அந்த வெள்ளைப் புள்ளிகளில் நிறமும் இல்லை, விளிம்பும் இல்லை. பிரகாசம் அதிகம், நிறச்செறிவு குறைவு என்ற விதியால் அவற்றை மறைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் சுத்தமான எஃகுத் தாடைக்கும் அதே குணம்தான். புள்ளியோடு சேர்த்துத் தாடையையும் அழித்துவிடுவீர்கள்.

புகையில் நடப்பது இன்னும் வேடிக்கை. மின்சாரத்தால் சுட்டு வெட்டும்போது எழும் புகையை நீக்க, பலரும் முதலில் எடுப்பது 2009-இல் வெளியான ‘டார்க் சேனல்’ முறை. மூடுபனி இல்லாத படத்தில் எந்தச் சிறு பகுதியிலும் ஏதாவது ஒரு நிறத்தின் அளவு பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் என்பது அதன் அடிப்படை. வெளிப்புறக் காட்சிகளுக்கு அது அருமையாகப் பொருந்தும். வெள்ளையோ சாம்பலோ ஆன பொருளில் மூன்று நிறமும் சமமாக இருப்பதால் அங்கே பொருந்தாது. நம் கருவியின் நுனி சாம்பல் நிறம். ஆக, நமக்கு வேண்டிய ஒரே பொருளைப் புகை என்று எண்ணி அந்த முறை கறுப்பாக்கிவிடும். தவிர, இந்தப் புகை மூடுபனி போலச் சீராகப் பரவுவதில்லை. சுருள் சுருளாகக் கொதிக்கும். புகையைத் துடைத்துவிட்டுத் தேடுவதைவிட, பயிற்சிப் படங்களிலேயே புகையைச் சேர்த்து, கருவியை அடையாளம் காணும் மாடலைப் பழக்குவது நல்லது. படத்துக்கு அழகு சேர்க்கும் வடிகட்டியை மருத்துவர் திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருவியைப் பின்தொடரும் மென்பொருளான டிராக்கருக்குக் கொடுக்க வேண்டாம்.

ரத்தம் இரண்டு வகை. கருவியில் பட்ட ரத்தம் கருவியோடு நகரும். லென்ஸில் பட்ட ரத்தமோ நீராவியோ படத்தில் ஒரே இடத்தில் நிற்கும். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நுண்விவரம் எத்தனை நொடியாக அசையாமல் மங்கிக் கிடக்கிறது என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். லென்ஸ் கறை என்று தெரிந்தால் அந்தக் கட்டங்களை அளவீட்டிலிருந்து நீக்க வேண்டும். மற்றது செவிலியர் வேலை: எண்டோஸ்கோப்பை (கேமராக் குழாயை) வெளியே எடுத்து, துடைத்து, வெந்நீரில் சூடாக்கித் திரும்ப விடுவது. குளிர்ந்த லென்ஸ் 37 பாகை உடலுக்குள் போனால் உடனே பனிக்கும்.

ஆழம் அடுத்த தலைவலி. எண்டோஸ்கோப்பின் இரண்டு கண்களுக்கும், அதாவது லென்ஸ்களுக்கும், இடையே 5 மி.மீ., குவியத்தூரம் 1000 பிக்சல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஆழத்தின் வர்க்கத்தை இந்த இரண்டின் பெருக்கலால் வகுத்தால், இரு படங்களையும் பொருத்துவதில் 1 பிக்சல் தவறினால் வரும் ஆழப் பிழை கிடைக்கும். 50 மி.மீ. தூரத்தில் அது 0.5 மி.மீ. தூரம் 100 மி.மீ. ஆனதும் 2 மி.மீ. தூரம் இரண்டு மடங்கு, பிழை நாலு மடங்கு. அதனால் ஒரு ஃபிரேமில் கிடைத்த ஆழத்தை அப்படியே நம்பக் கூடாது.

சரி, மூட்டுக் கணக்கும் முழுசாகச் சரியில்லை, படமும் சரியில்லை. ஆனால் இரண்டும் தவறும் விதம் வேறு. மூட்டுக் கணக்கின் பிழை பெரியது, மெதுவாக மாறுவது; படத்தின் பிழை சிறியது, ஆனால் புகை வந்தால் முழுசாகக் காணாமல் போவது. எனவே ஒவ்வொரு மூட்டின் பிழையையும் தனித்தனியாகத் தேட வேண்டாம். கேமராவுக்கும் கருவிக் கையின் அடிக்கும் இடையே ஒரே ஒரு திருத்தம், அதாவது மூன்று நகர்வும் மூன்று சுழற்சியுமாக ஆறு எண்கள், இவற்றை மட்டும் கால்மன் ஃபில்டரிலோ சில நூறு துகள்கள் (ஊக விடைகள்) கொண்ட பார்ட்டிகிள் ஃபில்டரிலோ (இரண்டுமே புது அளவீடு வர வர மதிப்பீட்டைத் திருத்தும் கணக்கு முறைகள்) வைத்துப் படத்தால் திருத்திக்கொண்டே போகலாம். தண்டின் இரு விளிம்புக் கோடுகளும் மணிக்கட்டின் சில புள்ளிகளும் போதும். நுனி திசுவுக்குள் புதைந்திருந்தாலும் தண்டு தெரிந்தால் திருத்தம் ஓடும். புகை வந்த சில நொடிகளுக்கு, கடைசித் திருத்தத்தோடு மூட்டுக் கணக்கே வண்டியை ஓட்டிவிடும்.

யாராவது கையின் கிளட்சை (பூட்டை விடுவிக்கும் பொத்தானை) அழுத்தி அடியை நகர்த்தினால் அந்த ஆறு எண்களும் செல்லாக்காசு. அந்தச் சமிக்ஞையைப் பிடித்து, ஃபில்டரின் நிச்சயமின்மையை உடனே அகலப்படுத்தாவிட்டால், அது பழைய விடையைக் கட்டிக்கொண்டு புதிய படத்தை ‘தவறான அளவீடு’ என்று ஒதுக்கிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் டிராக்கர் நிதானமாகத் தவறுவது போலத் தெரியும்.

இன்னொன்று நேர வித்தியாசம். வீடியோ கேப்சர் கார்டு வழியாக வரும் படம், மூட்டு எண்களைவிட இரண்டு ஃபிரேம் பிந்தியிருக்கிறது என்று கொள்ளுங்கள். நொடிக்கு 30 ஃபிரேம் வேகத்தில் அது சுமார் 67 மில்லி நொடி. கருவி நொடிக்கு 50 மி.மீ. நகர்ந்தால் 3.3 மி.மீ. பிழை, எந்தக் கலிபரேஷனாலும் போகாதது. அளப்பது எளிது: கருவியை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை ஆட்டி, படத்தில் நுனியின் உயரத்தையும் மூட்டுக் கணக்கின் உயரத்தையும் இரண்டு அலைகளாக வரைந்து, ஒன்றை நகர்த்தி மற்றதோடு பொருத்தினால் போதும். நிற்கும்போது சரியாகவும் ஓடும்போது மட்டும் தவறாகவும் இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மதிப்பெண்ணும் ஏமாற்றும். படத்தில் தண்டு 40,000 பிக்சல், தாடை 2,000 பிக்சல் என்று வையுங்கள். தண்டை முழுசாகப் பிடித்து, தாடையை முழுசாகத் தவறவிட்ட மாடலுக்கு டைஸ் மதிப்பு (மாடல் குறித்த பகுதியும் உண்மையான பகுதியும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதன் அளவு; முழுப் பொருத்தம் 1) எவ்வளவு வரும்? 0.976. அட்டவணையில் பார்க்கப் பிரமாதம். வெட்டும் பாகம் எங்கே என்று அதற்குத் தெரியவே தெரியாது. நுனிப் பிழையை மி.மீ. கணக்கில் தனியாக எழுதாத அறிக்கையை நான் பாதிதான் நம்புவேன். தரவைப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். அறுவை சிகிச்சை வீடியோவில் கருவியைக் கண்டுபிடிக்கும் 2017 எண்டோவிஸ் போட்டியில் எட்டு வீடியோக்களின் முதல் 225 ஃபிரேம்கள் பயிற்சிக்கு, அதே வீடியோக்களின் கடைசி 75 சோதனைக்கு. முழுக்கப் புதியவை இரண்டே வீடியோக்கள். அந்த இரண்டின் மதிப்பெண்ணைத் தனியாகப் பார்ப்பது நல்லது. உங்கள் சொந்தத் தரவை எப்போதும் நோயாளிவாரியாகப் பிரியுங்கள்.

இடது, வலது இரண்டிலும் ஒரே மாதிரி நீடில் டிரைவர் (தையல் ஊசியைப் பிடிக்கும் கருவி) இருந்து, இரண்டும் குறுக்கே கடந்தால், வெறும் வீடியோவை நம்பும் டிராக்கர் அடையாளத்தை மாற்றிவிடும். மூட்டு எண்கள் கையில் இருந்தால் இது பிரச்சினையே இல்லை. எந்தத் தண்டு எந்தத் துளையிலிருந்து வருகிறது என்பது கடக்கும்போதும் மாறாது.

கடைசியாக, எப்போது படத்தின் மேல் வரைவதை நிறுத்துவது? நுனியின் நிச்சயமின்மை தண்டின் தடிமனான 8 மி.மீ.யைத் தாண்டினால் வரைந்த கோடுகளை எடுத்துவிடலாம். அதைத் திரையில் தெரியும் வட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிச்சயமின்மை ஆழத் திசையில் ஊசி போல நீண்டிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் அது சின்னப் புள்ளியாகவே தெரியும்.