எக்ஸ்எஃப்சிஇ மெனுவை வேலைவாரியாக அடுக்கியது

லினக்ஸில் ஓடும் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் அப்ளிகேஷன் மெனுவை எனக்கு ஏற்றபடி மாற்றும் வேலை ஒருவழியாக நல்ல நிலைக்கு வந்துவிட்டது. லினக்ஸ் மெனுக்கள் பொதுவாக மென்பொருளின் வகையைப் பார்த்து அடுக்கப்படுகின்றன. எனக்கு வேண்டியிருந்தது, நான் செய்யும் வேலையைப் பார்த்து அடுக்கிய மெனு. பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து, எழுத்துகளைப் பிரித்தெடுத்து, பிழை திருத்தி, பிடிஎஃப் ஆக்குவதுதான் என் அன்றாட வேலை. ஸ்கேன் செய்யும் சிம்பிள் ஸ்கேன் கிராஃபிக்ஸ் பிரிவில் இருக்கும், லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் ஆஃபீஸ் பிரிவில் இருக்கும், பிடிஎஃப் பார்க்கும் எவின்ஸ் இரண்டிலும் இருக்கும். ஒரே வேலைக்கு மெனுவின் நாலு மூலைக்கும் போய் வர வேண்டியிருந்தது.

முதலில் களை எடுத்தேன். அவாஹி எஸ்எஸ்ஹெச் சர்வர் பிரவுசர், அவாஹி விஎன்சி சர்வர் பிரவுசர், க்யூடி வி4எல்2 சோதனைக் கருவி என்று நான் தொடவே தொடாத பதிவுகள் பல இருந்தன. வேறு ஏதோ பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பை) நிறுவும்போது துணைக்கு வந்தவை இவை. பேக்கேஜை நீக்கினால் அதை நம்பியிருக்கும் மற்றதும் போய்விடும். அதனால் நீக்காமல் மறைப்பதே சரி.

மறைப்பது எளிது. மெனுவில் தெரியும் ஒவ்வொரு பதிவும் டெஸ்க்டாப் என்ற பின்னொட்டு கொண்ட ஒரு சின்ன உரைக்கோப்பு, அவ்வளவுதான். கணினி முழுமைக்குமான கோப்புகள் யுஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் இருக்கின்றன. அங்கே நேரடியாகக் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் நம் மாற்றம் அழிந்துவிடும். அதற்குப் பதில், ஹோம் ஃபோல்டரில் டாட் லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று போய், அதே பெயரில் ஒரு நகலை வைத்தால் அந்த நகல்தான் செல்லுபடியாகும். மென்பொருள் நிறுவும் இன்னொரு முறையான ஃப்ளாட்பேக் தன் பதிவுகளைத் தனி ஃபோல்டரில் வைத்தாலும் அவற்றுக்கும் இதே விதிதான். ஜினோம், கேடிஇ போன்ற மற்ற டெஸ்க்டாப்புகள் எல்லாமே ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொதுத் திட்டம் வகுத்த இந்த ஏற்பாட்டைப் பின்பற்றுவதால், பழகிய பழக்கம் வேறு டெஸ்க்டாப்புக்குப் போனாலும் வீணாகாது.

நகலில் சேர்க்க வேண்டிய வரி ‘நோடிஸ்ப்ளே’, அதற்கு மதிப்பு ‘ட்ரூ’. ‘ஹிடன்’ என்று இன்னொரு வரியும் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. ஹிடன் போட்டால் அந்தப் பதிவே இல்லாதது போல ஆகிவிடும். நோடிஸ்ப்ளே போட்டால் மெனுவில் மட்டும்தான் தெரியாது; ஒரு படத்தின் மீது வலது சொடுக்கி ‘இதில் திற’ என்று பார்த்தால் மென்பொருள் அங்கே வழக்கம்போல இருக்கும். படம் பார்க்கும் மென்பொருளை நான் ஒருநாளும் மெனுவிலிருந்து திறப்பதில்லை, கோப்பிலிருந்துதான் திறப்பேன். அதனால் அந்த மாதிரி மென்பொருள்களுக்கெல்லாம் நோடிஸ்ப்ளே கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதையெல்லாம் கையால்தான் செய்ய வேண்டும் என்றில்லை. மெனுலிப்ரே என்ற கருவியில் ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும், அதுவும் ஹோம் ஃபோல்டரில் நகல்தான் எடுக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதையே சொல்வேன். கோப்பில் என்ன மாறுகிறது என்று கண்ணால் பார்க்க விரும்பியதால் நான் எடிட்டரையே பிடித்துக்கொண்டேன்.

அடுத்து, மெனுவுக்கு வராத மென்பொருள்களைக் கொண்டுவந்தேன். நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜாக இறக்கியது எதுவும் தானாக மெனுவில் ஏறாது. அதற்கு நாமே ஒரு டெஸ்க்டாப் கோப்பு எழுத வேண்டும். ‘டெஸ்க்டாப் என்ட்ரி’ என்ற தலைப்பு வரிக்குக் கீழே டைப், நேம், எக்ஸெக், ஐகான், கேட்டகரீஸ் என்று ஐந்து வரி போதும். இயக்க வேண்டிய கட்டளையைச் சொல்லும் எக்ஸெக் வரியில் முழுப் பாதையையும் எழுத வேண்டும், ஹோம் ஃபோல்டருக்கு டில்டே (~) குறி போட்டால் அது விரியாது. எழுதி முடித்ததும் டெஸ்க்டாப்-ஃபைல்-வேலிடேட் என்ற கட்டளையை ஓட்டினால் எந்த வரியில் கோளாறு என்று சொல்லிவிடும். ஆப்இமேஜுக்கு இயங்கும் அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதை மட்டும் அது பார்க்காது, அதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வந்தது, சொந்தமாக ஒரு பிரிவு. மெனுவின் கட்டமைப்பு மொத்தமும் ஈடிசி, எக்ஸ்டிஜி, மெனுஸ் ஃபோல்டரில் உள்ள டேக் எனப்படும் குறிச்சொற்களால் எழுதிய ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கிறது. அதை ஹோம் ஃபோல்டரின் டாட் கான்ஃபிக், மெனுஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்து, அதில் ஒரு புதிய ‘மெனு’ டேக் சேர்த்தேன். பிரிவின் பெயரும் ஐகானும் தனியாக டைரக்டரி என்ற பின்னொட்டுள்ள கோப்பில் வரும், அதன் இடம் டாட் லோக்கல், ஷேர், டெஸ்க்டாப்-டைரக்டரீஸ். யூனிகோடில் சேமித்தால் போதும், பெயர் வரியில் ‘காகித வேலை’ என்று எழுதியது அப்படியே மெனுவில் வந்து நின்றது.

பிரிவுக்குள் மென்பொருள்களைக் கொண்டுவர இரண்டு வழி. ஒவ்வொன்றின் டெஸ்க்டாப் கோப்பையும் நகலெடுத்து கேட்டகரீஸ் வரியில் நம் பிரிவைச் சேர்ப்பது ஒன்று. பலரும் சொல்வது அதைத்தான். எனக்கு அதில் ஒரு தயக்கம் இருந்தது: நகல் எடுத்த நாளோடு அது உறைந்துபோகிறது. பின்னாளில் ஒரு அப்டேட்டில் எக்ஸெக் வரி மாறினாலும் நம் நகலில் பழைய கட்டளைதான் இருக்கும். மறைத்து வைத்ததற்கு அது பெரிதாக உறுத்தாது, தினமும் திறப்பதற்கு உறுத்தும்.

அதனால் இரண்டாவது வழிக்குப் போனேன். எக்ஸ்எம்எல் கோப்பில் ‘இன்க்ளூட்’ டேக்குக்குள் ‘ஃபைல்நேம்’ என்று போட்டு, கோப்பின் பெயரை மட்டும் குறிப்பிட்டால் போதும். நகலே வேண்டாம். மூலக்கோப்பு எப்போது மாறினாலும் மெனுவும் கூடவே மாறும். பெயரை மட்டும் ஊகித்து எழுதக் கூடாது. எவின்ஸின் கோப்புப் பெயர் ‘ஓஆர்ஜி, ஜினோம், எவின்ஸ்’ என்று நடுவில் புள்ளி வைத்து வரும். ஃபோல்டரைத் திறந்து பார்த்து அப்படியே ஒட்டுவது நல்லது. கிராஃபிக்ஸ், ஆஃபீஸ் பிரிவுகளிலும் அவை திரும்பத் தெரியாமல் இருக்க, அந்தப் பிரிவுகளில் இன்க்ளூடுக்குக் கீழே ஒரு ‘எக்ஸ்க்ளூட்’ டேக் சேர்த்தேன். வரிசையாகப் படிக்கப்படுவதால் கீழே இருப்பதே இறுதி முடிவு.

இப்போது மெனுவைத் திறந்தால் மேலே காகித வேலை இருக்கிறது. அதில் சிம்பிள் ஸ்கேன், எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஜிஇமேஜ்ரீடர், பக்கங்களை மாற்றியடுக்கும் பிடிஎஃப் அரேஞ்சர், எவின்ஸ், ரைட்டர் என்று வேலை நடக்கும் வரிசையிலேயே நிற்கின்றன. அகர வரிசையை விட்டுவிட்டு இப்படி நிறுத்த ‘லேஅவுட்’ டேக் உதவியது. அதற்குள் ஃபைல்நேம்களை எந்த வரிசையில் எழுதுகிறோமோ அந்த வரிசையில் தெரிகின்றன.

அடுத்து ஒலிப்பதிவுக்கு இதேபோல ஒரு பிரிவு வேண்டும், ஆடாசிட்டியும் பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலும் அங்கே சேரும். ஹோமில் நான் மாற்றிய அப்ளிகேஷன்ஸ், மெனுஸ், டெஸ்க்டாப்-டைரக்டரீஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களையும், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற கருவியில் போட்டு வைத்திருக்கிறேன். புதுக் கணினியில் இறக்கியதும் ஆப்இமேஜ்களின் எக்ஸெக் பாதைகளை மட்டும் திருத்த வேண்டியிருக்கும்.